மூன்றாம் தொட்டி

கிரானில் இருந்து ஒரு சட்டி எருமைத் தயிர்.
பற்றுச்சீட்டில் ‘ஆய்வுப் பொருள்’ என்றெழுதிக் கொடுத்தேன்.
கணக்காளர் மூக்குக்கண்ணாடியை இறக்கி
சட்டியைப் பார்த்தார், பிறகு என்னை.
பாணி எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஆடையை விலக்கி ஒரு துளி.
அகர் தட்டில் கோடிழுத்து
இரண்டிரவு வெம்மையில் வைத்தால்
கடுகிலும் சின்ன வெண்புள்ளிகள்.
அதிலொன்றைப் பெருக்கி
தீனியில் தெளித்து நிழலில் உலர்த்தினோம்.
வந்தாறுமூலை வெக்கையில்
என் வெள்ளை மேலங்கி முழுக்கப் புளிப்பு வாசம்,
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி தள்ளி இருந்தாள்.

நாலு தொட்டி. திலாப்பியாக் குஞ்சுகள், தொட்டிக்கு முப்பது.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் தயிர்க் கிருமி ஏறிய தீனி.
மூன்றுக்கும் நாலுக்கும் வெறும் தீனி.
கராம்பெண்ணெய் கலந்த நீரில் அவை மயங்கிச் சரிய
ஈரத்துணியில் ஒவ்வொன்றாய்க் கிடத்தி
வாற்செட்டையில் பாதியை வெட்டினேன்.
நூற்றிருபது வெட்டு.

செட்டையின் கதிர்களும் எலும்புதான்,
குடைக் கம்பி மாதிரி.
வெட்டினால் வளரும்.
எவ்வளவு விரைவாக, எவ்வளவு உறுதியாக?
குடலில் குடியேறிய ஒரு கிருமி
வாலின் நுனிக்கு என்ன சொல்லி அனுப்பும்?
சுண்ணாம்பைக் கூடுதலாய் உறிஞ்சச் சொல்லுமா,
எலும்பு கட்டும் கலங்களைத் தட்டி எழுப்புமா?
‘கூடும்’ என்று எழுதியிருந்தேன் முன்மொழிவில்.
சஃபானா மிஸ் அந்த ஒரு சொல்லின் கீழ்
பென்சிலால் இரண்டு கோடு போட்டா.

இரவுக் காவல் பேரின்பத்தார்.
மூன்றாம் தொட்டியோடு ஒட்டி அவருடைய கதிரை.
நித்திரை கொள்வார்,
காற்றுக்குழாயின் குமிழிச் சத்தம் நின்றால் மட்டும் விழிப்பார்.
இடது காலை நீட்டியே இருப்பார்.
தொண்ணூறில் முறிந்தது.
ஆசுபத்திரிக்குப் போக முடியாத மாதத்தில்
தானாய்ப் பொருந்தியது, கோணலாக.

இருபத்தோராம் நாள்
தொட்டிக்கு ஐந்து மீன் எடுத்தேன்.
தசையைக் கண்ணாடியாக்கி, எலும்புக்குச் சிவப்பேற்றி
நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன்.
ஒன்றும் இரண்டும் நன்றாய் வளர்ந்திருந்தன.
மூன்றும்.
நாலு மட்டும் அரை மில்லிமீற்றர் பின்னால்.
கணக்கை மூன்று தரம் போட்டேன், கல்குலேட்டரை மாற்றியும் போட்டேன்.
பிறகு தொட்டி கழுவத் தண்ணீரை இறைத்தபோது
மூன்றாவதின் அடியில்
ஒரு சோற்றுப் பருக்கை.

“ஓம் புள்ள, நான்தான்.
எல்லாத்துக்கும் வால வெட்டிப்போட்டு
அங்கால ரெண்டுக்கு மட்டும் தயிர் குடுக்கிறீங்க.
இதுகள் என்ன பாவம் செய்ததுகள்?
என்ட சோத்துத் தயிருல கொஞ்சம் கரைச்சி ஊத்தினன்,
ராவைக்கு ராவு.”

நாலாம் தொட்டிக்கு?

பிடரியைச் சொறிந்தார்.
“அது இருட்டுக்க இரிந்திச்சி. கவனிக்கல்ல.”

ஒரு தொட்டி சான்றாகாது என்றா மிஸ்.
நாலாவது சுவரோரம். வெளிச்சம் குறைவு,
குழாயில் காற்றும் குறைந்திருக்கலாம்.
மூன்று கிழமைப் பதிவைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன்.
திட்டவும் வாய் வரவில்லை.

ஒரேயொரு கண்ணாடி வில்லையை மட்டும்
மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.
மூன்றாம் தொட்டி, இரண்டாம் மீன்.
வெட்டிய இடத்தில் ஒரு கதிர் கொஞ்சம் சாய்ந்து
பிறகு நேரே போகிறது.
அவருக்குக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை இறுக்கி
வெகுநேரம் பார்த்தார்.
“கோணல்தான்,” என்றார்.
சிவப்பு என்ன சாயம் என்று கேட்டார்.

இன்று காலை மறுபடி ஒரு சட்டி தயிர்.
எட்டுத் தொட்டி. எல்லாவற்றுக்கும் மூடி, பூட்டு.
இரவில் மின்சாரம் போனால் திறக்க
யாரிடமாவது சாவி இருக்க வேண்டும்.
கொடுத்தேன்.
வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு,
இந்த முறை எதுகளுக்குத் தயிர் இல்லை என்று கேட்டார்.
சொல்லவில்லை.
எனக்கும் தெரியாதபடிக்குத்தான்
மிஸ் பொட்டலங்களைக் கட்டியிருக்கிறா.